பஸ்ஸில் இடம் பிடித்த துண்டு

சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. ஒரு துண்டைக் கொண்டுபோய் மலைமேல் கொடுக்க வேண்டும்.

ஜவ்வாது மலையில் மூன்று நாள் கைவினைத் திருவிழா. புதுசாக யோசித்துக் கையால் செய்ததை மட்டும்தான் வைக்க விடுவார்கள். உண்ணிச்செடிக் குச்சியில் சோபா, தேங்காய் ஓட்டில் ஸ்பீக்கர், இப்படி.

என் மருமகள் கலா நெய்தது ஒரு துண்டு. நூலோடு நூலாகக் கடுகு சைஸ் பல்புகள். ஓரத்தில் தைத்த பேட்டரி. ஒரு உதறு உதறினால் போதும், சிவப்பாக மின்ன ஆரம்பித்துவிடும். மலை ரோட்டில் இருட்டில் நடக்கிறவர்கள் மேல் வண்டி ஏறாமல் இருக்க. எட்டு மாத உழைப்பு.

காலையிலேயே தறியை டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனவள், துண்டை வீட்டிலேயே விட்டுவிட்டாள். போன் வந்தது.

"மாமா, பதினோரு மணிக்கு ஜட்ஜுங்க வர்றாங்க. அதுக்குள்ள துண்டு வந்துடணும். வழியில யார்கிட்டயும் கதை வுடாம வாங்க."

"நான் எப்பம்மா கதை வுட்டேன்?"

மறுமுனையில் கலா சிரித்த சிரிப்பில் என் போனே அதிர்ந்தது.

பையில் வைத்தால் கசங்கும் என்று துண்டைத் தோளிலேயே போட்டுக்கொண்டு கிளம்பினேன். அமிர்தி ஸ்டாப்பில் மலை பஸ் நின்றிருந்தது. நல்ல கூட்டம். ஜன்னலோரம் ஒரே ஒரு சீட்டு காலி. அறுபது வருஷப் பழக்கம். கை தானாகத் தோளுக்குப் போனது. துண்டு ஜன்னல் வழியாக உள்ளே போனது. இடம் போட்டாயிற்று!

துண்டு கிடக்கிற சீட்டில் கலெக்டரே வந்தாலும் உட்கார மாட்டார். நிம்மதியாக டீக்கடைக்குப் போனேன்.

அங்கே வெளியூர்க்காரர் ஒருத்தர் காட்டைப் பற்றிக் கேட்டுவிட்டார். சிறுத்தையும் நானும் ஒரே குடையில் மழைக்கு ஒதுங்கியதைச் சொல்லித்தானே ஆக வேண்டும்? குடை என்னுடையதுதான்.

திரும்பி வந்தால் பஸ்ஸில் ஒரு ஆள் இல்லை. டிரைவர்கூட இல்லை. அத்தனை ஜனமும் தள்ளி வேர்க்கடலைக் கொல்லையில் படுத்திருந்தது.

நல்லதாகப் போயிற்று என்று ஏறி என் இடத்தில் உட்கார்ந்தேன்.

"யோவ் பெருசு! அசையாத!" புளியமரத்துக்குப் பின்னாலிருந்து கண்டக்டர் கத்தினார்.

"இன்னாப்பா?"

"நீ குந்திக்கினு இருக்கற சீட்டுல இன்னாமோ செவப்பா மினுக்குது! பாம்!"

குனிந்து பார்த்தேன். என் அடியில் மின்னிக்கொண்டுதான் இருந்தது.

"பாமும் இல்ல, ஒண்ணும் இல்லப்பா! என் மருமக நெய்ஞ்ச துண்டு! உள்ள பல்பு வெச்சு நெய்ஞ்சிருக்கா!"

கண்டக்டர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "நம்பாதீங்க. போன வாரம் இதே பஸ்ல, சிறுத்தைக்குக் குடை புடிச்சேன்னு சொன்ன ஆளு."

எழுபத்தோரு வயதில் முதல் தடவையாக உண்மை சொல்கிறேன். நம்ப ஒரு ஆள் இல்லை!

மணி பத்து. மலை ஏறவே ஒரு மணி நேரம் ஆகும். கலாவுக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன்.

"மாமா, பஸ் ஏறிட்டீங்களா?"

"ஏறிட்டேன்மா. மத்தவங்கல்லாம் எறங்கிட்டாங்க. துண்டைப் பாத்து பாம்னு சொல்லிக்கினு கொல்லையில படுத்துக்கினு இருக்காங்க. நீ ஒரு வார்த்தை சொல்லும்மா."

"இன்னா மாமா, எங்கிட்டயே வுடறீங்களா? சீக்கிரம் வாங்க!"

வைத்துவிட்டாள்.

அப்போது கொல்லையிலிருந்து கண்ணாடி போட்ட அம்மா ஒருத்தர் எழுந்து வந்தார். தலையெல்லாம் கடலைச் செடி. தைரியமாக ஏறி, "பல்பு வெச்சு நெய்ஞ்சதுன்னு சொன்னீங்களே, பேட்டரி எங்கங்க?" என்றார். ஓரத்தைக் காட்டினேன். தடவிப் பார்த்து அமுக்கினார். மின்னுவது நின்றது.

"நீங்க யாரும்மா?"

"அந்தத் திருவிழாவுக்குத்தான் ஜட்ஜா போறேன். மத்த ரெண்டு பேரும் அதோ, படுத்திருக்காங்க பாருங்க."

பதினொன்றேகாலுக்குத் துண்டும், நானும், மூன்று ஜட்ஜுகளும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தோம். கலா மூச்சு வாங்க விளக்கினாள்: "மேடம், இது மின்னறதைத் தூரத்துல இருந்து பாத்தாலே ஆளுங்க ஒதுங்கிடுவாங்க."

"ஒதுங்கிட்டுத்தாம்மா வர்றோம்," என்றார் அந்த அம்மா, முடியிலிருந்து ஒரு இலையை எடுத்தபடி.

முதல் பரிசு கலாவுக்குத்தான்.

இப்போதெல்லாம் அந்த பஸ்ஸில் நான் எந்தத் துண்டைப் போட்டாலும், முன்னே பின்னே நாலு சீட்டு தானாகக் காலியாகிவிடுகிறது.