முன்கதையில் சாகாத அத்தை

உலகத்தைப் படைத்தவர் யார் என்பதில் பலருக்கும் சந்தேகம் உண்டு. நேற்றைப் படைப்பவர் யார் என்பதில் சந்தேகமே வேண்டாம். அடியேன்தான். தொலைக்காட்சித் தொடர் ஆரம்பிக்கும் முன் 'இதுவரை நடந்தது' என்று இரண்டு நிமிடம் ஓடுமே, அந்த முன்கதையை வெட்டி ஒட்டும் 'சரித்திரப் பணி' என்னுடையது.

எங்கள் தொடரில், கொடுமைக்கார அத்தையை மருமகள் மாடிப்படியிலிருந்து தள்ளிவிட்டாள். திங்கட்கிழமை உருளத் தொடங்கியவர் வெள்ளிக்கிழமைதான் தரைக்கு வந்து உயிரை விட்டார். இவ்வளவு நிதானமாக யாரும் செத்ததில்லை.

சனிக்கிழமை காலை, அத்தையாக நடித்த அம்மாள் என் அறைக்கு வந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“தம்பி, நான் விழுந்ததை எடுத்துடுப்பா.”

“விழுந்தாச்சேம்மா!”

“படியிலதானே விழுந்தேன்? முன்கதையில விழாம பாத்துக்கோ. இந்த வயசுல வேற எந்தத் தொடர்ல என்னைச் சேத்துப்பாங்க? இனி சுவத்துல போட்டோவாத் தொங்குற வேஷம்தான் வரும். அதுக்கு நான் எதுக்கு? போட்டோவே போதுமே.”

பத்தொன்பது வருடமாகக் கிளிசரின் போட்டு அழுதவர், இதை அழாமல் சொன்னார். அதுதான் என்னை உலுக்கிவிட்டது.

வேலையில் இறங்கினேன். அத்தை படியில் கால் வைக்கிறார். ஒரு இடி முழக்கம். அடுத்து, நூற்றுப் பன்னிரண்டாம் பகுதியில் குடித்த அதே காபியைக் குடிக்கிறார்.

எங்கள் கதாசிரியர் மேதை. ஒரே சமயத்தில் நான்கு தொடர்கள் எழுதுகிறார், நான்கையும் மறந்துவிடுகிறார். ஆகவே தினமும் முகச்சவரம் செய்தபடி முன்கதையைப் பார்த்துவிட்டுத்தான் பேனாவைத் தொடுவார். அன்றும் அப்படியே எழுதினார்: 'அத்தை காபியைக் கீழே வைத்து, “சர்க்கரை எங்கேடி?” என்று உறுமுகிறார்.'

இயக்குநர் தாளோடு ஓடிவந்தார்.

“யோவ், செத்தவங்க எப்படிய்யா சர்க்கரை கேப்பாங்க?”

“முன்கதையைப் பாருங்க,” என்றார் கதாசிரியர்.

'அவசர உயர்மட்டக் கூட்டம்' கூடியது. முன்கதையை மூன்று தடவை போட்டுப் பார்த்தார்கள்.

“ஐயா, நான்தானே எடுத்தேன்! அஞ்சு நாள் உருட்டினேனே!” என்று இயக்குநர் தலையில் அடித்துக்கொண்டார்.

நிர்வாகி கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். “அது உங்க சொந்த ஞாபகம். இது நிறுவனத்தோட ஞாபகம். எது பெரிசு?”

அத்தை இறந்தது 'தனிநபர் கருத்து' என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. உருட்டிய கையாலேயே இயக்குநர் அதில் கையெழுத்திட்டார்.

திங்கட்கிழமை அத்தை சர்க்கரை கேட்டார். பல லட்சம் வீடுகளில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒரே ஒரு பெண்மணி மட்டும் எங்கள் அலுவலகத்தைத் தொலைபேசியில் பிடித்துவிட்டார்.

“வெள்ளிக்கிழமை அவங்க செத்தப்ப எப்படி அழுதேன் தெரியுமா? அடுப்புல பால் பொங்கினதுகூடத் தெரியல. எங்க வீட்டுக்காரரு 'யாரு செத்தது?'ன்னு பதறிப்போய் ஓடிவந்தாரு. இன்னிக்கு ஜம்முனு உக்காந்து காபி குடிக்கிறாங்க?”

அலுவலகமே என்னைப் பார்த்தது. மரியாதை குறையாமல் சொன்னேன்:

“அம்மா, நீங்க அழுததா எங்க முன்கதையில இல்லையே.”



“அப்படிங்களா? அப்ப அழலை போலிருக்கு. மன்னிச்சுக்கோங்க,” என்று சொல்லி வைத்துவிட்டார்.