நூற்றுக்கு நூறு வாங்கிய கீசர் கையேடு

ஒரு கையேடு நல்ல கையேடா என்று தெரிந்துகொள்ள அதைப் படித்தவரிடம் கேட்க வேண்டும் என்று நீங்கள் நினைத்தால், எங்கள் கம்பெனியில் உங்களுக்கு வேலை கிடைக்காது. எனக்குக் கிடைத்தது.

மைசூரில் கீசர் செய்யும் கம்பெனி அது. தமிழ்நாட்டுக்குப் போகும் பெட்டிகளில் வைக்கிற தமிழ்க் கையேட்டை நான்தான் எழுத வேண்டும். தரத்தை அளக்க ஒரு மென்பொருள் வைத்திருந்தார்கள். வாக்கியம் நீண்டால் மதிப்பெண் குறையும். ஒரே வாக்கியம் இரண்டாம் முறை வந்தாலும் குறையும். நூறு வாங்கினால்தான் வேலை நிரந்தரம். (நாக்குத் தள்ளிவிட்டது.)

என் கையேடு தொண்ணூற்றெட்டிலேயே நின்றது. குற்றவாளி ஒரு வாக்கியம்: 'தொட்டியில் தண்ணீர் நிரம்பிய பிறகே சுவிட்சைப் போடவும்.' பொருத்தும் பக்கத்திலும் இருந்தது, சுத்தம் செய்யும் பக்கத்திலும் இருந்தது. இரண்டாவது இடத்தில் 'சுவிட்சைப் போடவும்' என்பதை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டினேன். நூறு! மேலாளர் பரிசாக ஒரு கீசரையே கொடுத்தார். தலைகால் புரியாமல் மைசூர் விஜயநகரில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டினேன்.

என் மாமனார் தமிழ் பேசும் எல்லையோர ஊரான கௌதள்ளிக்காரர், ஆலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைக்கூட விடாமல் படிப்பார். மருமகள் எழுதியதை விடுவாரா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, உப்புப் படிந்திருக்கும் என்று சுத்தம் செய்யும் பக்கத்தை விரித்துவைத்துக்கொண்டு ஆரம்பித்தார். தண்ணீர் வரும் குழாயை மூடினார். தொட்டியைக் காலி செய்தார். திருகாணியை மறுபடி இறுக்கினார். அடுத்த வரி, 'சுவிட்சைப் போடவும்.' போட்டார்.

கருகல் நாற்றம் வந்து ஓடினேன். குளியலறை முழுக்கப் புகை. நடுவில் மாமா, கையில் என் கையேடு.

"ஏம்மா, நீ எழுதுனபடியேதான செஞ்சேன்? தண்ணி உடச் சொல்லி இதுல இல்லியே?"

"முன்னாடி பக்கத்துல இருக்குங்க மாமா..."

"அது மாட்டறப்ப. இது கழுவறப்ப!"

நான் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தேன்.

மறுநாள் மேலாளரிடம் நடந்ததைச் சொல்லி, அந்த வரியைத் திரும்பச் சேர்க்கும்படி கெஞ்சினேன்.

"சேர்த்தா ஸ்கோர் எறங்குமே மேடம். பர்வாகில்லா, ஒரு கம்ப்ளைன்ட் தானே?" என்றவர், புகாருக்குக் காரணம்: 'வாடிக்கையாளர் கையேட்டைப் படிக்கவில்லை' என்று கம்ப்யூட்டரில் தட்டினார்.

எங்கள் மாமா! படிக்கவில்லையாம்! ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். என் நிரந்தர ஆணை அவர் கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

வேலை நிரந்தரமானது. கையேடும் அப்படியே, நூறு மதிப்பெண்ணோடு, ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது. வீட்டுக்கு உறவினர் யார் வந்தாலும் மாமா என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துகிறார்:

"எங்க மருமவ நூத்துக்கு நூறு வாங்குனவ. அவ சொன்னபடி மட்டும் செஞ்சிராதீங்க."