திரைக்குள் நீளும் மோதிர விரல்

கம்ப்யூட்டர் படிக்கிறவர்களை ஆராய்ச்சி முறை என்ற பாடத்துக்குள் தள்ளிவிட்டால், அவர்கள் பல இனங்களாகப் பிரிந்துவிடுவார்கள். கட்டுரைகளை மூட்டை மூட்டையாக இறக்கி வைத்துவிட்டு ஒன்றைக்கூடத் திறக்காதவன் ஒருத்தன். எதைச் சொன்னாலும் 'சாம்பிள் சைஸ் பத்தாது' என்று உதட்டைப் பிதுக்கி, கேன்டீன் சாம்பாரைக்கூட ஒரு கரண்டியை வைத்து எடை போட மறுக்கிறவள் ஒருத்தி. இவர்களால் ஊருக்குக் கெடுதல் இல்லை. விட்டுவிடலாம்.

நாம் பார்க்கப்போகும் இனம் வேறு. இது உங்களிடம் கேள்வி கேட்கும்; நீங்கள் வாயைத் திறப்பதற்குள் பதிலையும் சொல்லிவிடும். உங்கள் கையில் போனைக் கொடுக்கும். நீங்கள் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொள்வதற்குள் அமுக்க வேண்டியதை அமுக்கிவிடும். பிறகு, 'மக்கள் தாமாகவே செய்தார்கள்' என்று அறிக்கை எழுதும். 'தோழர்கள் கருத்தைச் சொல்லலாம்' என்று அறிவித்துவிட்டு மைக்கை மட்டும் கையைவிட்டு இறக்காத சங்கத் தலைவரைப் பார்த்திருப்பீர்களே, அவருக்கு இது சித்தப்பா மகன்.

மாதிரிக்கு ஒன்றைப் பிடித்து வைத்திருக்கிறோம். பெயர் டெரிக். ஊர் லிங்கராஜபுரம். எம்.எஸ்சி. கடைசி வருடம்.

நல்ல பையன். அதுதான் சிக்கலே. லிஃப்டில் ஏறினால் மற்றவர்கள் போகவேண்டிய மாடியையும் தானே கேட்டு அமுக்குவான். சில சமயம் கேட்காமலே அமுக்குவான். கெட்டவனாக இருந்தால் தட்டிக் கேட்டுவிடலாம். உதவி செய்கிறவனை என்ன செய்வது?

டெரிக் ஒரு செயலி செய்திருந்தான். தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டால், விளக்கு எரியாவிட்டால், போனில் படம் எடுத்துப் புகார் அனுப்பலாம். படம் எடுத்ததும் திரையின் மேல்மூலையில் ஒரு டிக் குறி வரும். அதை அமுக்கினால்தான் புகார் போகும். சாம்பல் நிறத் திரை; அதன்மேல் சாம்பல் நிற டிக். 'மினிமல் டிசைன்' என்பான் டெரிக். பனிமூட்டத்தில் வெள்ளை மாட்டைத் தேடுவதுபோல இருக்கும்.

இதைச் சாதாரண ஜனங்களால் பயன்படுத்த முடிகிறதா என்று சோதித்துப் பார்ப்பதுதான் அவன் ஆராய்ச்சி. முறை ரொம்ப எளிது. ஆளை உட்காரவை, போனைக் கொடு, மனசில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல், நீ சும்மா இருந்து பார். போனுக்கு மேலே ஒரு கேமரா, கைகளை மட்டும் படம்பிடிக்கும். அவ்வளவுதான். இதில் 'சும்மா இரு' என்கிற பகுதிக்கு மட்டும் தனியாக டாக்டர் பட்டம் தரலாம்.

முதல் சுற்று அமோகம். வந்தவர்கள் அத்தனை பேரும் புகாரை அனுப்பிவிட்டார்கள். 'பங்கேற்றவர்கள் எந்த உதவியும் இன்றிப் பணியை முடித்தனர்' என்று எழுதி, அந்த வரிக்குக் கீழே கோடும் போட்டு, டெரிக் கொண்டுபோய்க் கொடுத்தான்.

வழிகாட்டி ஷில்பா மேடம் கன்னடக்காரர், ஆனால் தமிழர்கள் நிறைந்த சிவாஜிநகரில் வளர்ந்தவர். தமிழில் சிரிப்பார், தமிழிலேயே கடிப்பார். வீடியோக்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டுப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் ஒரே இடத்தில் ஆள் தடுமாறுகிறார். ஒவ்வொன்றிலும் அதே நொடியில் ஓரத்திலிருந்து ஒரு விரல், சர்ச் திருவிழாக் கடையில் வாங்கிய வெள்ளி மோதிரத்தோடு, பாம்புபோல நுழைந்து டிக்கைத் தொட்டுவிட்டுப் போகிறது.

"டெரிக், இந்த மோதிர விரல் யாருப்பா? பங்கேற்றவங்க பட்டியல்ல அது பேரே காணோம்."

டெரிக் கையை மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டான். அவர்கள் கஷ்டப்பட்டார்கள், பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை என்று முனகினான்.

"பார்த்துக்கினு இருக்கிறதுதான் உன் வேலை. இப்போ பாஸ் பண்ணது உன் விரல்தான். பேசாம அதுக்கே டிகிரி கொடுத்துடலாமா?"

சனிக்கிழமைக்குள் புது ஆட்களை வைத்துத் திரும்பச் செய்யவேண்டும். வீடியோவில் அவன் விரலும் வரக்கூடாது, குரலும் வரக்கூடாது. வந்தால் பேப்பர் போச்சு, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். அடுத்த வருடம் என்றால் எலக்ட்ரானிக் சிட்டியில் கிடைத்திருந்த வேலையும் போச்சு. பட்டத்தோடு வந்தால்தான் சேர்த்துக்கொள்வோம் என்று கம்பெனி எழுதியே கொடுத்திருந்தது.

இரண்டாம் சுற்றில் முதல் ஆள் ஹெர்பர்ட் அங்கிள், மேல்மாடிக்காரர், கேரம் புலி. டெரிக் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டான். வாயைப் பூட்டிக்கொண்டான். மேஜைமேல் மாதிரிக்கு வைத்திருந்த சாக்கடைப் படத்தை ஹெர்பர்ட் போனில் எடுத்தார்; தேடினார்; அரை நிமிடத்தில் டிக்கை அமுக்கிவிட்டார். டெரிக்குக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டில் வீடியோவைப் போட்டபோதுதான் வண்டவாளம் தெரிந்தது. ஹெர்பர்ட்டின் விரல் திரைமேல் வட்டமடிக்கிறது, நிற்கிறது, மேலே நகர்கிறது, திரும்ப நிற்கிறது. பேயோட்டுகிறவன் எலுமிச்சம்பழம் தேடுவதுபோல. டெரிக் மாடியேறிப் போய்க் கேட்டான்.

"நான் எங்கடா போனைப் பாத்தேன்? உன் மூஞ்சிய இல்ல பாத்தேன். கீழ போனா பல்லு வலி வந்தவனாட்டம் ஆவுற. மேல போனா புருவம் ஏறுது. மூலைக்குப் போனேன், பெருமூச்சு விட்ட. அமுக்கிட்டேன்."

கையைக் கட்டினால் முகம் வேலை செய்கிறது. இந்த இனத்தின் உடம்பில் எந்த உறுப்பும் வேலைநிறுத்தம் செய்வதில்லை.

அந்த வீடியோவைத் தூக்கிப் போட்டான். அடுத்து வந்தவர் பின்சந்து சந்திரம்மா. அவர் வீட்டு வாசலில் நிஜமாகவே சாக்கடை அடைத்துக்கொண்டிருந்ததால் ஆர்வமாக வந்தார். டெரிக் இந்த முறை நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். சுவரில் பழைய காலண்டர். அதிலிருந்த புனிதர் அருளப்பர் மட்டும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதுகுக்குப் பின்னால் சந்திரம்மாவின் குரல் மட்டும் வந்தது.

"படம் வந்துச்சு. அப்பறம் இன்னா? ... இன்னாப்பா டெரிக், எங்க அமுக்கணும்? ... சொல்ல மாட்டியா? வாயில கொழுக்கட்டையா?"

டெரிக்கின் தோள் ஏறியது. பாதி எழுந்தான். ஒரு வார்த்தை சொன்னால் போதும், 'மேல' என்று. அந்த ஒரு வார்த்தைக்கு ஒரு வருடம் விலை. உட்கார்ந்தான். காலண்டரை வெறித்தான்.

பின்னால் விரல் திரையைத் தட்டித் தட்டிப் பார்க்கும் சத்தம். பிறகு போனை மேஜைமேல் வைக்கும் சத்தம்.

"வுட்டுடு சாமி. நீ நல்லாத்தான் செஞ்சிருப்ப. எனக்குத்தான் படிப்பு இல்ல."

இதைக் கேட்டுக்கொண்டு சுவரைப் பார்ப்பதற்குத்தான் ஆராய்ச்சி முறை என்று பெயர். பாடப்புத்தகத்தில் இந்த இடத்தை ஒரு வரியில் முடித்துவிடுவார்கள்.

கேமராவை அணைத்த பிறகுதான் டெரிக் திரும்பினான். தப்பு உங்கள்மேல் இல்லை, பட்டனைக் கண்ணுக்குத் தெரியாமல் வைத்தது நான்தான் என்று சொன்னான். சந்திரம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்போ என் சாக்கடை?"

அதற்கு அவன் அறிக்கையில் இடமில்லை. மறுநாள் அவரோடு வார்டு ஆபீஸ் வரைக்கும் போய்வந்தான்.

வெள்ளிக்கிழமைக்குள் மற்றவர்களையும் உட்காரவைத்தான். ஒருவராலும் டிக்கைக் கண்டுபிடிக்க முடியவில்லை. முதல் அறிக்கையைக் கிழித்துவிட்டு, 'எவராலும் பணியை முடிக்க இயலவில்லை. பொத்தான் புலப்படவில்லை' என்று எழுதினான். இம்முறை கோடு போடவில்லை. ஷில்பா மேடம் படித்துவிட்டு, இப்போதுதான் ஒரு ரிசல்ட் வந்திருக்கிறது என்று கையெழுத்துப் போட்டார். டிக் பச்சையாகி, பெருத்து, கீழே இறங்கி, 'அனுப்பு' என்று தமிழிலும் கன்னடத்திலும் பெயர் வாங்கிக்கொண்டது.

சேதியோடு வீட்டுக்கு ஓடினான் டெரிக். பாஸ் என்றான். அம்மா லீனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே சர்ச் பாடகர் குழுவின் வாட்ஸ்அப்பில் மகனின் படத்தைப் போடவேண்டும் என்று போனை எடுத்தார். குழுவைத் தேடினார். படத்தைத் தேடினார். விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு மறுபடி குழுவைத் தேடினார்.

"குடும்மா இங்க. நீ தேடறதுக்குள்ள விடிஞ்சிடும்."

பிடுங்கிவிட்டான். மோதிர விரல் இரண்டு தட்டுத் தட்டியது. படம் போய்விட்டது.

"பாஸ்னு சொன்னியே, எதுலடா பாஸு?" என்றார் லீனா.

சிரிக்கிறீர்கள். டெரிக்குக்கு வேண்டும் என்கிறீர்கள். சரி. போன வாரம் உங்கள் அப்பா பேங்க் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தபோது, 'இங்க கொடுங்க' என்று ஒரு கை நீண்டதே, அது யாருடைய கை? நன்றாக யோசித்து, நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள். அவசரமே இல்லை. நாங்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறோம். எவ்வளவு நேரமானாலும்...

ஐயோ, இவ்வளவு நேரமா? விடுங்கள், நாங்களே சொல்லிவிடுகிறோம். உங்கள் கைதான்.