மலை விடுதியில் உன் அத்தான் வாய் திறந்த கதை

அன்பும் பொறுமையும் நிறைந்த என் தங்கைக்கு,

உன் அக்கா எழுதுவது. இங்கே நான், உன் அத்தான், எங்கள் நான்கு முழங்கால்கள் ஆகிய அனைவரும் சுமாரான நலம். உன் வீட்டிலும் அவரவர் வயதுக்குத் தக்க நலத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு வரி சொல்வதற்குள் நீ பத்து வரி சொல்லிவிடுவாய். இது குறுக்கே பேசாமல் கேட்க வேண்டிய விஷயம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்.

உன் அத்தான் ஓய்வு பெற்றதிலிருந்து பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தது உனக்குத் தெரியும். எந்த அளவுக்கு என்று தெரியாது. முன்பும் அவர் வாயாடி இல்லை. 'ஓட்டுநரிடம் பேசாதீர்கள்' என்று எழுதிய பலகைக்குக் கீழே ஆயுள் முழுக்க பஸ் ஓட்டிய மனிதர். பயணிகள் அந்தப் பலகையை மதித்தார்களோ இல்லையோ, இவர் மதித்தார். ஆனாலும் அப்போதெல்லாம் சாப்பிடும்போது 'இன்னிக்கு டயர் பஞ்சர்', 'ஒருத்தர் குடையை விட்டுட்டுப் போயிட்டார்' என்று இரண்டு வார்த்தையாவது வரும். வேலை போனதும் அதுவும் போயிற்று. காலையில் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுத் தெருவைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். 'சாப்பிட வாங்க' என்றால் தலை ஆடும், 'உப்பு சரியா?' என்றால் தலை ஆடும். இரண்டு ஆட்டத்துக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க நான் படித்த படிப்பு போதாது. காது டாக்டர் காது நன்றாக இருக்கிறது என்றார், தொண்டை டாக்டர் தொண்டை நன்றாக இருக்கிறது என்றார். நான் ஃப்ரிட்ஜோடு பேச ஆரம்பித்தேன். அது 'ம்ம்ம்' என்றாவது சொல்கிறது.

சிரிப்பில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். போன மாதம் மருந்துக்கடையிலிருந்து போன் செய்து, 'நான்தான்' என்றார். நான், 'யாருங்க பேசறது?' என்று கேட்டேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் 'ஹலோ' என்ற ஒரு சொல்லை வைத்தே பேசுவது இன்னார், இன்னார் மேல் கோபமாக இருக்கிறார் என்று கண்டுபிடித்தவளடி நான். கட்டிய புருஷன் குரல் தெரியவில்லை. அந்தப் பக்கம் கடைக்காரர் யாருக்கோ சில்லறை எண்ணிக் கொடுப்பது கேட்டது. அப்புறம், 'மாத்திரை பெருசா, சின்னதா?' என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அன்று சமையலறையில் அழுததற்கு வெங்காயத்தைச் சொல்லிக்கொள்ளலாம் என்றால், நறுக்கிக்கொண்டிருந்தது வெள்ளரிக்காய். மருமகள் பார்த்துவிட்டாள்.

அவள் கெட்டிக்காரி. மறுவாரமே மலை விடுதி ஒன்றில் எங்கள் இருவருக்கும் இடம் போட்டுவிட்டாள். சனி, ஞாயிறு இரண்டு நாள். இயற்கை, ஓவியம், உடல்நலம், மனநலம் எல்லாவற்றுக்கும் பயிற்சி. 'அத்தை, திரும்பி வரும்போது மாமா புது மனுஷனா வருவார் பாருங்க' என்றாள். பழைய மனுஷனே போதும், அவரைத்தான் காணோம் என்று சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

மலையேறும் வேனிலேயே பயிற்சி தொடங்கிவிட்டது, எனக்கு. உன் அத்தான் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில். ஒவ்வொரு வளைவிலும் வலது காலால் தரையை மிதிக்கிறார், கை தன்பாட்டுக்கு இல்லாத கியரைத் தேடுகிறது. பாதி மலையில் டிரைவர் பொறுக்கமாட்டாமல், 'சார், அந்தப் பக்கம் பிரேக் இல்லைங்க' என்றார். உன் அத்தான் அடுத்த வளைவில் இன்னும் பலமாக மிதித்தார். போய்ச் சேர்ந்தபோது வண்டி ஓட்டியவர் சாதாரணமாக இறங்கினார், ஓட்டாதவர் வியர்வையில் நனைந்து இறங்கினார்.

விடுதி அழகுதான், இல்லையென்று சொல்லமாட்டேன். மரச்சுவர், கண்ணாடி ஜன்னல், ஜன்னலைத் திறந்தால் மேகம் கேட்காமல் உள்ளே வந்துவிடுகிறது. ஆனால் நாற்காலி கிடையாது, எல்லோரும் மெத்தையில் உட்கார வேண்டும். உட்கார்ந்துவிட்டேன், எழுப்பத்தான் இரண்டு பேர் வேண்டியிருந்தது. பயிற்சியாளர் அம்மா ஒருவர். எதைச் சொல்வதற்கு முன்பும் நீளமாக மூச்சை இழுத்து விடுவார்; நான் மனதுக்குள் அவருக்கு மூச்சம்மா என்று பெயர் வைத்தேன். சுவரில் ஒட்டியிருந்த நிகழ்ச்சிநிரலில் முதல் வரி 'வனக் குளியல்'. நான் ஏதோ அருவி என்று நினைத்து, துண்டு, சோப்புப் பெட்டி, மாற்றுப் புடவை, உன் அத்தானுக்கு ஒரு லுங்கி எல்லாம் பையில் போட்டுக்கொண்டு போனால், மற்றவர்கள் எல்லாம் ஷூ போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். வனக் குளியல் என்றால் மரங்களுக்கு நடுவே சும்மா நிற்பதாம். தண்ணீரே கிடையாது. 'அம்மா, பையில என்ன?' என்று கூட வந்திருந்த பல் டாக்டரம்மா கேட்டார். 'ஒண்ணுமில்லைங்க, மாத்திரை' என்றேன். ஒரு மணி நேரம் சோப்புப் பெட்டியோடு மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றவள் அந்த மலையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மத்தியானம் ஓவியம். 'உங்க மனசுல இருக்கறத அப்படியே வரைங்க' என்றார் மூச்சம்மா. நான் எக்ஸ்சேஞ்சில் என் முன்னால் இருந்த பலகையை வரைந்தேன். துளை துளையாக, குறுக்கும் நெடுக்கும் வயர். அதைப் பார்த்துவிட்டு, 'உங்களுக்குள்ள நிறைய கோபம் சிக்கிக்கிட்டு இருக்கும்மா' என்றார். அதுவரை இல்லை, அப்போது வந்தது. உன் அத்தான் தாள் முழுக்கக் கறுப்பு அடித்து நடுவில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு போட்டிருந்தார். மூச்சம்மா அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். ஆன்மாவின் தனிமை என்றார், இருளில் ஒரு நம்பிக்கைக் கீற்று என்றார், பல் டாக்டரம்மா மூக்கை உறிஞ்சினார். 'நீங்களே சொல்லுங்க சார், இது என்ன?' என்று கேட்டதற்கு உன் அத்தான், 'ரோடு' என்றார். அன்றைக்கு அவர் பேசிய ஒரே வார்த்தை அது. சாயங்காலம் வேக வைத்த காய்கறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்கு மனசே விட்டுப்போயிற்று. மலைக்கே வந்தாயிற்று, இதற்கு மேல் எங்கே கூட்டிப்போவது?

ஞாயிறு காலை மௌன நடை. மணி அடிக்கும் வரை யாரும் வாய் திறக்கக்கூடாது. உன் அத்தானுக்கு இது என்ன பயிற்சி, மீனுக்கு நீச்சல் சொல்லித் தருகிறார்களே என்று நினைத்துக்கொண்டே பின்னால் நடந்தேன். விடுதிக்குப் பின்னால் ஒரு பழைய ரோடு. கீழே புது ரோடு போட்டபின் கைவிட்டது. தாரைப் பிளந்துகொண்டு புல் முளைத்திருந்தது. ஒரு வளைவு திரும்பினதும், பாதி இடிந்த பஸ் நிறுத்தம், சிமெண்ட் பெஞ்சு. உன் அத்தான் நின்றுவிட்டார். நெஞ்சு வலியோ என்று பயந்து நான் ஓடினேன்.

'இங்க பாருங்க, இதே மாதிரி ஸ்டாப்புதான்' என்றார். கணீரென்று. மரத்தில் இருந்த பறவை ஒன்று பறந்தது. மூச்சம்மா திரும்பி உதட்டில் விரல் வைத்தார். உன் அத்தான் அவரைப் பார்த்து, 'ஆமாம்மா, அச்சு அசல் இதே மாதிரிதான்' என்றார். பல் டாக்டரம்மாவுக்குப் பொறுக்கவில்லை. 'என்ன சார் அங்க?' என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான், அணை உடைந்தது.

'இவ எக்ஸ்சேஞ்சுக்குப் போற பொண்ணு. எனக்குத் தெரியும், லேட்டாதான் வருவா. ஒரு கையில பள்ளிக்கூடம் போற தங்கச்சி, இன்னொரு கையில செருப்பு. அந்தத் தங்கச்சி வழியெல்லாம் நின்னு நின்னு வேடிக்கை பாக்கும். உள்ள இருக்கறவங்க கத்துவாங்க, என்னய்யா இது பஸ்ஸா, வீடான்னு. நான் திரும்பவே மாட்டேன். கண்ணாடியில பாத்துக்கிட்டே இருப்பேன். ஏறி, உக்காந்து, மூச்சு வாங்கி, முடியை ஒதுக்கிவிட்டு முடிக்கற வரைக்கும் கியர் போட மாட்டேன்.'

'அவங்ககிட்ட சொல்லலையா சார்?' என்றார் பல் டாக்டரம்மா.

'எப்படிம்மா சொல்றது? போர்டு இருக்கே!'

எல்லோரும் சிரித்தார்கள், மூச்சம்மாவும் சேர்ந்து. அந்த பெஞ்சிலும் புல்லிலும் உட்கார்ந்துகொண்டு கேட்டார்கள். மழையில் நீ பஸ் படியில் வழுக்கி விழுந்ததைச் சொன்னார். என் பச்சைக் குடையில் ஒரு கம்பி உடைந்திருந்ததைச் சொன்னார். எனக்கே மறந்துபோன கம்பி. எனக்குச் சில்லறை கொடுக்கும்போது கண்டக்டர், 'டிரைவர் உங்க வீட்டுக்கு வந்து பேசலாமான்னு கேக்கறாருங்க' என்று சொன்னாரே, அதற்கு முன்னால் மூன்று நாள் கண்டக்டரிடம் கெஞ்சியதைச் சொன்னார். எனக்கு அந்த பஸ்ஸின் சூடும் டீசல் வாடையும் ஜன்னல் கம்பியின் ஈரமும் அப்படியே வந்துவிட்டன. நீ ஜன்னலோர சீட்டுக்கு என்னைக் கிள்ளிய இடம்கூட வலித்தது. பஸ் நமக்காக நின்றது என்று நாம் ஒரு நாளாவது நினைத்தோமாடி? நம் அதிர்ஷ்டம் என்றல்லவா ஏறி உட்கார்ந்தோம்! அந்தக் கூட்டத்தில் மௌனத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்தது நான் ஒருத்திதான். குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். அதே குரல்தான். நான்தான் ஏதோ லைனை மாற்றிப் போட்டிருக்கிறேன்.

இறங்கும்போது வேன் டிரைவருக்கு ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு கதை. எந்த கியர், எப்போது ஹாரன், எதிரே லாரி வந்தால் யார் ஒதுங்க வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல, அந்த மனிதர் ஒரு கட்டத்தில் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். அப்பனே, இதற்குத்தான் நான் வேண்டிக்கொண்டேன், தாங்கிக்கொள் என்பது போல் பார்த்தேன். வீட்டில் இப்போது ஓயாத பேச்சு. நேற்று ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு முழு விபத்தைச் சொல்லி முடித்தார், பால் திரிந்துவிடும் போலிருந்தது. ஆனாலும் சொல்கிறேன், இத்தனை வருஷம் கழித்து எனக்கு ஒன்று தெரிந்தது: என்னை ஒருவர் காத்திருந்து கூட்டிப்போயிருக்கிறார். இது போதும் எனக்கு.

உன் வீட்டுக்காரருக்கு என் அன்பு. அவர் பேசினால் குறுக்கிடாதே. பிள்ளைகள் நூறாண்டு வாழட்டும், அதில் பாதியாவது உன் பேச்சைக் கேட்டு வாழட்டும். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

என்றும் உன்
அக்கா

பி.கு.: கடிதம் எழுதி மூன்று நாள் ஆயிற்று. உறையை ஒட்டுவதற்கு முன் ஒரு காரியம் செய்தேன், செய்திருக்கக்கூடாது. சந்தோஷத்தில் அந்தப் பழைய கண்டக்டருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இருமி இருமிச் சிரித்தார். 'அண்ணி, அந்த ஸ்டாப்பைத் தாண்டினா ரயில்வே கேட்டு. அந்த நேரத்துக்கு தெனமும் அடைச்சிருக்கும். அங்க வெயில்ல போய் நிக்கறதுக்குப் பதிலா ஸ்டாப்பு மரத்தடியிலயே நிக்கலாம்னு நாங்கதான் பேசி வெச்சிருந்தோம்' என்றார். யோசித்துப் பார், நாம் போகும்போதெல்லாம் கேட் திறந்தே இருக்கும், இல்லையா? உன் அத்தானிடம் கேட்டேன். 'ஆமா, கேட்டு இருந்தது' என்கிறார், ரோடு என்று சொன்ன அதே குரலில்! ஆகவே இரண்டு நாளாக இந்த வீட்டில் பேசாமல் இருப்பது நான்தான். மருமகள் கவலைப்பட்டு அடுத்த சனி, ஞாயிறுக்கு எனக்கு மட்டும் தனியாக அந்த விடுதியில் இடம் போட்டிருக்கிறாள். இப்போது அவர் சமையலறை வாசலில் வந்து நின்று, 'கேட்டு திறந்த அப்புறமும்...' என்று ஏதோ ஆரம்பித்தார். நான் குழாயைத் திறந்துவிட்டேன். இன்னும் அங்கேதான் நிற்கிறார். நிற்கட்டும். அன்றைக்கு பஸ்ஸை நிறுத்தி வைத்தவர்தானே, இன்றைக்குத் தானும் கொஞ்சம் நிற்கட்டும்.