சுவரில் ஏறிய நீலம்

இனித் தன் சொல்லை யாராலும் அசைக்க முடியாது என்று அன்று காலையில் மதிப்பீட்டாளர் முடிவுகட்டினார்.

காப்பீட்டு நிறுவனத்தில் சேதத்துக்குக் காரணம் கண்டுபிடிப்பது அவர் வேலை. எரிந்த கடையானாலும் சரி, நசுங்கிய காரானாலும் சரி, வாயைத் திறந்ததும் முதலில் வருவது 'ப்ராபப்ளி'. வீட்டிலும் அதேதான். பிள்ளை பாஸாவானா? ப்ராபப்ளி. குழாயைச் சரிசெய்வீர்களா? ப்ராபப்ளி. மாட்டிக்கொள்ளாமல் நழுவ அதைவிட வழவழப்பான சொல் கிடையாது.

அந்தச் சொல்தான் இப்போது வம்பை விலைக்கு வாங்கியிருந்தது. படுக்கையறைச் சுவரில், பரணுக்குக் கீழே, ஈரத் திட்டு. "ப்ராபப்ளி மாடி வீட்டு பாத்ரூம்" என்று தீர்ப்பளித்து, மாடியில் குடியிருக்கும் பல் டாக்டரைப் படிக்கட்டில் நிறுத்தி நாலு வார்த்தை கேட்டுவிட்டார். டாக்டர் பேச்சை நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமைச் சதுரங்கமும் நின்றது. இவரிடம் தோற்கக்கூடிய ஒரே மனிதர் அவர்தான்.

ஆதாரம் என்ன என்று மனைவி குடைந்த குடைச்சலில்தான் அகராதியைப் புரட்டினார். புரட்டியவர் அசந்துபோனார். லத்தீனில் 'ப்ரொபாரே' என்றால் சோதித்துப் பார்த்து நல்லதென்று ஏற்பது. அதிலிருந்து 'ப்ரொபாபிலிஸ்', ஏற்கத் தகுந்தது. எத்தனை ராஜாக்கள் செத்து, எத்தனை கடல் தாண்டி, இன்னும் பல் விளக்காத தன் வாய்க்கு அது வந்து சேர்ந்திருக்கிறது! கையில் மயிர்க்கூச்செறிந்தது.

"ஏற்கத் தகுந்ததுன்னு அர்த்தம். நான் ஏத்துக்கிட்டேன். போதாதா?" என்றார்.

அவள் கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள். அரைகுறைப் பதிலுக்கு முழங்கால் போடவைக்கும் பள்ளிக்கூடம்.

"பாதியைத்தான் படிச்சிருக்கீங்க. முதல்ல சோதிக்கணும், அப்புறம் ஏத்துக்கணும். நீங்க நேரா ரெண்டாவதுக்குத் தாவிட்டீங்க."

டாக்டர் மனைவியிடம் சொல்லி, மாடி பாத்ரூமில் சாயத் தண்ணீர் ஊற்றச் செய்வதாகச் சொன்னாள். ஊற்றட்டும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பார்க்கிறேன் என்றார் இவர்.

சாயங்காலம் வந்து பார்த்தால், சுவர்த் திட்டு முழுக்க நீலம். மதிப்பீட்டாளருக்குத் தலைகால் புரியவில்லை. லத்தீன் ஜெயித்தது, நான் ஜெயித்தேன் என்று அறையைச் சுற்றி வந்தார். அவள் அவசரப்படவில்லை.

"மேல என்ன கலர் ஊத்தினாங்கன்னு நீங்க கேக்கவே இல்லையே?"

"என்ன கலர்?"

"சிவப்பு."

"அப்போ நீலம்?"

அவள் பரணைக் காட்டினாள். 'ப்ராபப்ளி தண்ணி வராது' என்று போன மாசம் அவரே நிரப்பி, மூச்சிரைக்க ஏற்றி, சுத்தமாக மறந்துபோன பிளாஸ்டிக் கேன். அடியில் மெல்லிய விரிசல்; உள்ளே காலையில் அவள் கலந்துவிட்ட நீலம்.

அவர் அண்ணாந்து கேனைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். தலை நரைக்கும்வரை சேதம் பார்த்த மனுஷனுக்கு, இரண்டு இடத்துக்கு இரண்டு நிறம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. காலையில் லத்தீனுக்கு வந்த சிலிர்ப்பெல்லாம் இதன் முன்னால் கால் தூசு.

"மேல போய் மன்னிப்புக் கேட்டுட்டு வர்றீங்களா?"

நாக்கு நுனிவரை வந்ததை அப்படியே விழுங்கிவிட்டுப் படியேறினார்.

டாக்டர் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. பலகையில் காய்கள் அடுக்கித் தயாராக இருந்தன.

"உக்காருங்க சார். சாயங்காலம் மன்னிப்புக் கேக்க வருவீங்கன்னு உங்க வீட்டம்மா காலையிலேயே சொல்லிட்டாங்க."

"வந்தாலும் வருவார்னு சொன்னாளா?"

"இல்லையே, வருவார்னுதான் சொன்னாங்க. கறுப்புக் காயை உங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க. முதல் நகர்வு கிடைச்சா யோசிக்காம தாவிடுவீங்களாம்."