சாமியறைத் துவக்கு

லண்டனில் வசிக்கும் ஒரு யாழ்ப்பாணத்துத் தமிழனுக்குத் துவக்கு, அதாவது துப்பாக்கி, எதற்கு என்று கேட்டால், இன்றுவரை என்னிடம் மரியாதையான பதில் கிடையாது. (மரியாதையில்லாத பதில்கள் நிறைய உண்டு. அவற்றை என் அக்காவிடம் கேட்டுக்கொள்ளலாம்.) துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடிவந்த சனங்களுக்கு நடுவே, முறைப்படி அனுமதி எடுத்து, கடைக்குப் போய், ஒரு துவக்கை ஆசையாக வாங்கி வந்த அறிவாளி நான் ஒருவன்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலை. முதல் பதவி உயர்வு கிடைத்த கையோடு, பாதி வெள்ளைக்காரனாகிவிட்டேன் என்ற நினைப்பும் வந்துவிட்டது. மீதிப் பாதியையும் முடித்துவிடலாமென்று, கூட வேலை செய்த கிரஹாம் என்பவர் தன்னுடைய சுடும் கிளப்புக்குக் கூப்பிட்டபோது சம்மதித்தேன். பிரபுக்கள் கூடும் மாளிகை என்று நினைத்து டை கட்டிக்கொண்டு போனேன். அது ஒரு பழைய கட்டடத்தின் நிலவறை. ஈரம் ஊறிய சுவர்கள், கறை பிடித்த தேநீர்க் கோப்பைகள், காதுமூடி போட்டுக்கொண்டு ஒருவரோடு ஒருவர் பேசாமல் நிற்கும் தொப்பைக்காரர்கள். அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். எனக்கோ புல்லரித்தது.

அங்கே எல்லோரும் பிஸ்டல்தான் சுடுவார்கள். என் கையில் பிஸ்டலைக் கொடுத்தால் அது புகையிரதத்தில் எழுதிய கையெழுத்து மாதிரி ஆடும். என் குண்டுகள் பக்கத்து ஆளின் அட்டையில் போய் விழுந்து அவருக்குப் புள்ளி சேர்த்தன. கிளப் செயலாளர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "தோளில் வைத்துச் சுடும் ஒன்றை நீங்கள் வாங்கிக்கொள்வது எங்கள் எல்லோருடைய ஆரோக்கியத்துக்கும் நல்லது" என்றார்.

அந்த நிலவறையில் பிஸ்டல் குண்டுக்கு மேல் எதையும் சுட அனுமதியில்லை. ஆகவே பிஸ்டல் குண்டே போடக்கூடிய லீவர் ரைபிள் ஒன்றை அவர் காட்டினார். விசையைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் வெறுங்கூடு வெளியே பாயும், அடுத்த குண்டு உள்ளே ஏறும். "கௌபோய் படத்தில் வருமே, அதேதான்" என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை.

அனுமதி கிடைப்பதற்கு முன் பொலிஸார் என்னைப் பற்றி விசாரித்தார்கள். சந்தேகப்படும்படி என் வாழ்க்கையில் எதுவுமே நடந்திருக்கவில்லை என்பது அவர்களுக்குச் சீக்கிரமே விளங்கிவிட்டது. துவக்கு வந்தது. வால்நட் மரம், கறுத்த இரும்பு, 'கிளக் கிளக்' என்ற சத்தம். முதல் நாள் கிளப்பில் அந்த வளையத்தை நான் ஒரு வீரனைப் போல இழுக்க, சுடச்சுட ஒரு வெறுங்கூடு எகிறி என் சட்டைக் கொலருக்குள் இறங்கியது. துவக்கை மேசையில் வைத்துவிட்டுத் துள்ளினேன். கிரஹாம், "இது உங்கள் ஊர் நடனமா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். (அப்போது எனக்கிருந்த முதுகெலும்பின் அளவு அவ்வளவுதான்.)

நான் அக்கா, அத்தானோடு ஒரே வீட்டில் இருந்தேன். வெம்பிளியிலிருந்து சட்டனுக்கு வீடு மாறியபோது ஒரு சிக்கல் வந்தது. துவக்கை இரும்பு அலுமாரியில் பூட்டி, அலுமாரியைச் சுவரில் ஆணி இறுக்கி வைக்க வேண்டும். புது வீட்டின் உள்சுவர்களோ பிஸ்கட் மாதிரி. செங்கல் சுவர் உள்ள சின்ன அறையை அக்கா சாமியறை ஆக்கிவிட்டிருந்தாள்.

"முருகனுக்குப் பக்கத்தில துவக்கோ? விசராடா உனக்கு?"

"முருகன்ர கையிலயும் வேல் இருக்குத்தானே அக்கா."

"அவர் சூரனைக் கொல்ல வைச்சிருக்கிறார். நீ ஆரைச் சுடப்போறாய்? கடதாசியை!"

கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். அலுமாரி உள்ளே வந்தது. அதன் தலையில் அக்கா ஒரு பட்டுத் துணியை விரித்துப் பிள்ளையார் படத்தை வைத்தாள். சாவியை யாருக்கும் தெரியாமல் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். நான் அதை அந்தப் படத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அந்த வீட்டில் அக்கா தினமும் தூக்கித் துடைக்கும் ஒரே பொருள் அந்தப் படம்தான்.

புதிய வீட்டில் பாதுகாப்புச் சரியா என்று பார்க்க ஒரு பொலிஸ் அதிகாரி சனிக்கிழமை பின்னேரம் வருவதாகச் சொன்னார். அதே பின்னேரத்துக்குத்தான் அக்கா பெண் வீட்டுக்காரரையும் கூப்பிட்டிருந்தாள். மாலதி, மருந்துக்கடையில் வேலை செய்யும் கெட்டிக்காரப் பெண். அவளையும் பெற்றோரையும் ஒரு கோயிலில் ஏற்கெனவே பார்த்தாயிற்று. சாதகம் பொருந்திவிட்டது. மாப்பிள்ளையின் வீடு வாசலைப் பார்த்துவிட்டுப் போனால் நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி.

ஒரு போன் எடுத்து அதிகாரியை வேறு நாள் வரச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறந்துபோய் அல்ல, வேண்டுமென்றே. ஒரு வெள்ளைக்காரப் பொலிஸ்காரர் வீடு தேடி வந்து என்னை 'சேர்' என்று கூப்பிடுவதை வருங்கால மாமனார் பார்க்க வேண்டாமா? அந்தக் காட்சியை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். மாலதி என்னை ஓரக்கண்ணால் பார்க்கும் இடத்தில் கொஞ்சம் நிறுத்தி நிறுத்தியும் பார்த்தேன்.

மாலதியின் அப்பா ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். நெற்றி நிறையத் திருநீறு, இஸ்திரி கலையாத சேர்ட். ஒரு கையில் தேநீரும் மறு கையில் வடையுமாக, "தம்பி, வேலையெல்லாம் பிடிச்சிருக்கோ?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது மணி அடித்தது. அத்தான் கதவைத் திறந்தார். நெட்டையான அதிகாரி தொப்பியைக் கழற்றிக்கொண்டு முன்னறைக்கே வந்துவிட்டார்.

"மன்னிக்கவும், சேர். துவக்கைப் பார்க்க வந்தேன்."

ஸ்டேஷன் மாஸ்டர் கோப்பையைக் கீழே வைத்தார். எழுந்தார். இரண்டு கைகளையும் தோளுக்கு மேலே தூக்கினார். ஒரு கையில் இன்னும் வடை இருந்தது.

"ஐயா, நாங்கள் சும்மா வந்த விருந்தாளிகள்" என்று திருத்தமான ஆங்கிலத்தில் சொன்னார். "எங்களுக்கும் இந்தப் பெடியனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

(சம்பந்தம் பேச வந்தவர் சொன்ன வார்த்தை அது.)

அந்த இடத்தில் மனிதனாகப் பிறந்த எவனும் அவரை உட்காரவைத்து விளங்கப்படுத்தியிருப்பான். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "பயப்பிடாதேங்கோ மாமா, எல்லாம் என்ர பேரிலதான் இருக்கு" என்றேன். 'மாமா' என்றதும் மாலதியின் அம்மா கைப்பையை மடியில் இழுத்து அணைத்துக்கொண்டார்.

அதிகாரி சாமியறை வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நான் பெருமையோடு அலுமாரியைத் திறந்தேன். துவக்கு இருந்தது. அதன் பக்கத்தில் அக்காவின் பதக்கச் சங்கிலி, அட்டியல், காப்புகள், ஒரு பிஸ்கட் டின்னுக்குள் தோடுகள் எல்லாம் இருந்தன. துவக்கின் மரப்பிடியில் காய்ந்த சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது.

"இது இரத்தமா, சேர்?" என்று அவர் மிகவும் மெதுவாகக் கேட்டார்.

"அக்கா!" என்று கத்தினேன்.

அக்கா பதறாமல் வந்தாள். "தமிழ்ச் சனத்தின்ர வீடுகளில எல்லாம் கள்ளர் நகை அடிக்கிறாங்கள். நல்ல இரும்புப் பெட்டி, பாதி சும்மா கிடந்தது, வைச்சனான். உன்ர துவக்கை நான் தொடவேயில்லை."

"அப்ப இது என்ன?"

"ஆயுத பூசைக்குப் பொட்டு வைச்சனான். அதைத் தொட்டதெண்டு சொல்லுறதோ?"

இதை நான் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. சந்தனம், குங்குமம், நவராத்திரி என்று எல்லாவற்றையும் விளக்கினேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, தனக்கு ஒரேயொரு விஷயம்தான் விளங்கியது என்றார். அனுமதியில்லாத ஓர் ஆளிடம் துவக்கின் சாவி இருக்கிறது. இது சரியாகும்வரை அதைத் தான் எடுத்துப்போவது நல்லது என்றார். அக்காவிடம் நகைகளை வங்கியில் வைக்கும்படியும் சொன்னார்.

அவர் துவக்கை உறையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது, மாலதி குடும்பம் கோட்டுகளோடு, வாசலுக்குப் போகும் ஒடுங்கிய நடையில் நின்றது. பொலிஸ் போவதற்கு வழிவிட மூவரும் சுவரோடு ஒட்டினார்கள். மாலதி என்னை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள். அது அனுதாபம் என்று கொஞ்சக் காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால், பஸ் மோதாமல் தப்பியவர்கள் பஸ்ஸைப் பார்க்கும் பார்வை அது.

அன்றிரவு அக்கா சொன்னாள். ஊரில் ஆமிக்காரர் துவக்குத் தேடி மாலதி வீட்டுக்குப் போனார்களாம். அரிசிப் பானையைக் கவிழ்த்து, அந்த மனுசனை முற்றத்தில் முழங்காலில் வைத்துக் கேள்வி கேட்டார்களாம். "நீ அந்த மனுசனை லண்டனிலயும் கை தூக்க வைச்சிட்டாய்" என்றாள். அடுத்த நாள் மன்னிப்புக் கேட்கப் போன் செய்தேன். மாலதியின் அம்மா என் பெயரைக் கேட்டதும் "ராங் நம்பர்" என்று வைத்துவிட்டார்.

துவக்கு திரும்பக் கிடைத்தது. அதைத் தொட மனம் வரவில்லை. வந்த விலைக்கு ஒரு கடையில் தள்ளிவிட்டேன். சில வருடங்களில் அரசாங்கம் பிஸ்டலைத் தடைசெய்தது. என்னைப் பார்த்துச் சிரித்த கிளப்காரர்கள் எல்லோரும் லீவர் ரைபிளுக்கு அலைந்தார்களாம். கிரஹாம்கூட, "உன்னுடையதை எனக்குத் தருவாயா?" என்று கேட்டார். என் வாழ்க்கையில் எல்லோருக்கும் தேவைப்பட்ட ஒரே பொருளையும் நான் முந்திக்கொண்டு விற்றுவிட்டேன்.

அதற்குள் என் கதை லண்டன் தமிழர் முழுக்கப் பரவிவிட்டது. வெம்பிளிக் கதையில் எனக்கு இரண்டு துவக்கு. சவுத்தால் கதையில் ஒரு பெட்டி நிறையக் கிரனேட். எந்தச் சம்பந்தம் பேசினாலும் சம்பளத்தைக் கேட்பதற்கு முதல், "துவக்கை வித்துப்போட்டாரோ?" என்றுதான் கேட்டார்கள். அக்கா என் சாதகக் குறிப்போடு கடைக்காரன் தந்த ரசீதையும் சேர்த்துக் கொடுத்தனுப்பத் தொடங்கினாள். அந்த இரண்டையும் பார்த்துவிட்டு, சாதகத்தைத் திருப்பித் தந்து ரசீதை மட்டும் வைத்துக்கொண்ட ஒரு குடும்பத்தில்தான் எனக்குப் பெண் கிடைத்தது.

இப்போதும் பெருந்தெருவில் பொலிஸ் வண்டி அலறிக்கொண்டு போனால், என் மனைவி அடுப்பிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொல்வாள்:

"இஞ்சேருங்கோ, சேர்ட்டைப் போடுங்கோ. பொம்பிளை வீட்டுக்காரர் வருகினம்."