பந்து வந்து சேர்ந்த நேரம்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் வீட்டில் உள்ளவர்களும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கேயும் ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் அளவோடுதான் இருக்கின்றன. பேச்சுவார்த்தைதான் நின்றுபோய்விட்டது. பதினோரு நாளாக உங்கள் மகள் என்னை "மாமா" என்று கூப்பிடவில்லை. "லைன்ஸ்மேன் சார், குளிக்க வெந்நீர் வெச்சிருக்கு" என்கிறாள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை, அதைத்தான் தாங்க முடியவில்லை.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், நியாயத்தைத் தாங்களே சொல்லுங்கள். மருத்துவமனைப் பெண்கள் கால்பந்து அணிக்கு அவள் தலைவி என்பது தாங்கள் அறிந்ததே. நாலு வருஷமாகக் கோப்பையைக் கண்ணால் பார்த்ததோடு சரி. இந்த வருஷம் இறுதிப் போட்டி, அதுவும் நான் குப்பை கொட்டிய அதே துணி ஆலையின் அணியோடு. ஆட்டத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, கோட்டோரம் கொடி பிடிக்க வேண்டியவர் மாடிப்படியில் காலைச் சுளுக்கிக்கொண்டார். "எங்க மாமா இருக்காரு. பெத்த பிள்ளையா இருந்தாலும் விட்டுக்கொடுக்க மாட்டாரு" என்று சிபாரிசு செய்தது யார்? உங்கள் மகளேதான்! ஆலைப் பெண்களும் உடனே சம்மதித்தார்களாம். சம்மதிக்காமல் என்ன செய்வார்கள்? முப்பத்தோரு வருஷம் ஆலை வாசலில் நேரம் குறித்தவன் நான். கல்யாணமான மறுநாள் ரெண்டு நிமிஷம் பிந்தி வந்ததற்கு என் பெயருக்கு நேரே நானே சிவப்பு மையால் கோடு போட்டவன்.

அப்புறம் சாப்பாட்டு மேசையில் மூன்று சாயங்காலம் ஆஃப்சைடு பாடம் நடந்தது. உப்புக் குப்பி கோல்கீப்பர், மிளகுக் குப்பி தடுப்பாட்டக்காரி, தண்ணீர் டம்ளர் உங்கள் மகள், என் மாத்திரை பந்து. "கவனிங்க மாமா. எதிராளி பாதியில நான் நிக்கிறேன். எங்காளு பந்தை எனக்கு உதைக்கிறப்போ, நான் பந்துக்கு முன்னால இருந்தா, எனக்கும் கோலுக்கும் நடுவுல எதிராளி ரெண்டு பேராவது இருக்கணும். கோல்கீப்பரும் அதுல ஒருத்தி. ரெண்டாவது ஆளோட சரிசமமா நின்னாலும் தப்பில்ல. அவளைத் தாண்டி முன்னாடியே போய் நின்னுக்கிட்டா ஆஃப்சைடு." "பந்திக்கு முந்தற ஆளுங்க மாதிரி" என்றேன். "அதேதான் மாமா!" என்றாள். அந்த நேரம் பார்த்து என் மனைவி, "குழம்புல உப்பு கம்மி" என்று கோல்கீப்பரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பந்தை நான் விழுங்கிவிட்டேன். பாடம் அத்தோடு முடிந்தது.

ஆட்டத்தன்று கடைசி நிமிஷம் வரை யாருக்கும் கோல் இல்லை. மைதானத்தின் நடுவிலிருந்து ஒருத்தி ஓங்கி உதைத்தாள். உங்கள் மகள் தலைதெறிக்க ஓடினாள். பந்து அவள் காலுக்கு வந்து சேர்ந்தது. நான் கண்கொட்டாமல் பார்த்தேன். முன்னால் கோல்கீப்பர் மட்டும், தடுப்பாட்டக்காரி மூன்றடி பின்னால். கொடியைத் தூக்கினேன். பந்து வலைக்குள் போனது, ஊதல் சத்தம் கேட்டது, கோல் செல்லாது என்றார் நடுவர். கடைசியில் பெனால்டியில் தோற்றார்கள். முப்பத்தோரு வருஷம் என்னைக் கண்டால் முகத்தைச் சுளித்த ஆலைக்காரிகள் வரிசையாக வந்து என் கையைக் குலுக்கினார்கள். அது தனி அவமானம்.

வீட்டுக்கு வந்து, சேறு படிந்த காலுறையைக்கூடக் கழற்றாமல் உங்கள் மகள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "பந்தை உதைச்சப்போ நான் எங்க இருந்தேன் சார்?" அது எனக்கு எப்படித் தெரியும்? வந்து சேர்ந்தபோது எங்கே இருந்தாள் என்றால் அங்குலக் கணக்கில் சொல்வேன். ஆலை வாசலில் தினமும் பத்துப் பேராவது, "வீட்டுலேர்ந்து அஞ்சரைக்கே கிளம்பிட்டேன் சார், பஸ் பழுதாயிடுச்சு சார்" என்பார்கள். கிளம்பியதை யார் கண்டது? வந்து சேர்ந்ததுதான் கணக்கு. உங்கள் மாப்பிள்ளை ஆட்டத்தை போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டு "ஒரு தடவை பாருங்கப்பா" என்று நச்சரிக்கிறான். கண் இருக்கும்போது கருவி எதற்கு? பார்க்க மறுத்துவிட்டேன்.

ஆகவே, ஞாயிற்றுக்கிழமை தாங்கள் நேரில் வந்து, சட்டம் என்றால் சட்டம்தான் என்று மகளுக்கு நாலு வார்த்தை சொல்ல வேண்டும். கோப்பை அடுத்த வருஷமும் வரும். "மாமா" என்று ஒரு குரல் கேட்காமல் இந்த வீட்டில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை சம்பந்தி.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம். தாங்கள் இருவரும் நோய்நொடி அண்டாமல் நீடூழி வாழ வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மனசாட்சியில் கறை படியாத
தங்கள் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டுமுன் அந்தப் படத்தைப் பார்த்துத் தொலைத்தேன். பந்தை உதைத்த நொடியில் உங்கள் மகள் தடுப்பாட்டக்காரிக்கு முழுசாக ஓரடி பின்னால் நிற்கிறாள். சுத்தமான கோல். அஞ்சரைக்கே கிளம்பியவர்கள் எத்தனை பேருக்குச் சிவப்புக் கோடு போட்டேனோ! நேரே போய், "அது கோல்தாம்மா, நான்தான் தப்பு" என்றேன். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். "பதினோரு நாள் லேட்டு. சரி, எப்பக் கிளம்பினீங்க?" என்றாள். "கொடியை இறக்கினப்பவே கிளம்பிட்டேன்மா" என்றேன். "அப்ப ஆஃப்சைடு இல்ல. சாப்பிட வாங்க மாமா" என்றாள்.

தாங்கள் ஞாயிற்றுக்கிழமை வர வேண்டிய அவசியமில்லை.